கழுத்து நாடியின் கதை: பாரிசவாத ஆய்வின் நீண்ட வழியும் நமது வீடுகளும்

கிராண்ட்பாஸில் எங்கள் மூத்தாப்பா ஒரு நாள் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; சொல் குழறியது. உம்மம்மா ஓடி வந்து கையைப் பிடித்துத் தேய்த்தார். பத்து நிமிடம் இருக்கும். கை திரும்பி வந்தது, பேச்சும் வந்தது. "ஒண்டுமில்ல, ராவு தூக்கமில்ல, அதான்" என்று சொல்லிவிட்டு வழமைபோல பழைய சோனகத் தெருவிலிருந்த கடைக்குப் போய்விட்டார். வீட்டில் காத்துப் பட்டிருக்கும் என்றார்கள். ஓதித் தண்ணீர் கொடுத்தார்கள், எண்ணெய் பூசினார்கள். ஒன்பதாம் நாள் வலப்பக்கம் முழுவதும் போயிற்று. அதன் பிறகு நான்கு வருடம் உயிரோடிருந்தார். ஆனால் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவரால் முடியவில்லை.

அது 1989. எங்கள் வீட்டில் யாரும் அவரைக் கவனிக்காமல் விடவில்லை. எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் என்னவென்று உலகத்துக்கு அப்போதே தெரிந்திருந்தது. மூளைக்குக் குருதி கொண்டு போகும் நாடியொன்றில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து, அதிலிருந்து ஒரு துணுக்கு கழன்று மேலே போய், சிறிது நேரம் அடைத்துவிட்டுக் கரைந்திருக்கிறது. அது ஓர் அறிவிப்பு. அந்த அறிவு எப்படிப் பிறந்தது, எந்த வழியாக நடந்தது, கிராண்ட்பாஸ் வீட்டு வாசல் வரை வர ஏன் அவ்வளவு காலம் எடுத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பெயரிலேயே உள்ள உறக்கம்

கழுத்தின் இரு பக்கமும் துடிக்கும் பெரிய நாடிக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர், ஆழ்ந்த மயக்க உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதை அழுத்தினால் ஆள் மயங்குவான் என்று பழங்காலத்தவர் கண்டிருந்தார்கள். அரபு மருத்துவமும் இதே கருத்தில் அதை ‘ஷிர்யான் ஸுபாதீ’ என்று அழைத்தது. அந்நபஃ சூராவில் உறக்கத்தைப் பற்றி வரும் ‘ஸுபாத்’ என்ற சொல்லை ஓதியவர்களுக்கு இந்தப் பெயரின் வேர் உடனே விளங்கும்.

பாரிசவாதத்தை அரபு மருத்துவர்கள் இரண்டு சொற்களால் பிரித்தார்கள். திடீரென உணர்வும் அசைவும் அற்று விழுவது ‘ஸக்தா’. உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது ‘ஃபாலிஜ்’. இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ இவ்விரண்டையும் விரிவாகப் பேசுகிறது. ஆனால் காரணமாக அது கண்டது கிரேக்கர் சொன்ன உடற்திரவங்களின் கேட்டைத்தான். தடித்த கபம் மூளையின் வழிகளை அடைக்கிறது என்பது அக்கால விளக்கம். அடைப்பு என்ற எண்ணம் சரி. அடைப்பு எங்கே, எதனால் என்பது பிழை. நம் முன்னோரின் பெருமையைச் சொல்லும்போது இந்த வரம்பையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இந்த மரபு இலங்கைக்கு அந்நியமானதல்ல. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுதிய கடிதமொன்றில், இங்குள்ள முஸ்லிம் அறிஞர்களும் வணிகர்களும் அரபு மொழியிலிருந்த அரிஸ்டோட்டில், யூக்ளிட், கலென் முதலானோரின் நூற்பகுதிகளைத் தன்னிடம் கொண்டு வந்து காட்டியதாகவும், அவற்றைத் தம் மூதாதையர் பக்தாதிலிருந்து பெற்றதாக அவர்கள் கூறியதாகவும் குறிப்பிடுகிறார். கலென் எழுதிய மருத்துவம் பக்தாத் வழியாகக் கொழும்புக்கு வந்திருக்கிறது. 1929இல் பொரளையில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றுடன் யூனானியும் இடம் பெற்றது இந்தத் தொடர்ச்சியில்தான்.

கஞ்சியும் மம்மியும்

குருதி நுரையீரல் வழியாகச் சென்று திரும்புகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் எழுதியவர் இப்னுந் நஃபீஸ். அந்தக் கையெழுத்துப் பிரதியை 1924இல் பெர்லின் நூலகத்தில் அடையாளம் கண்டவர் எகிப்திய மருத்துவரான முஹ்யித்தீன் அத்ததாவி. குருதி முழு உடலையும் சுற்றி ஓடுகிறது என்பதை 1628இல் ஹார்வி நிறுவினார். அதன் பிறகுதான் மூளையின் குழாய்களைப் பற்றிச் சரியாகக் கேட்க முடிந்தது.

1658இல் சுவிற்சர்லாந்தின் வெப்ஃபர், பாரிசவாதத்தில் இறந்தோரின் தலையைத் திறந்து பார்த்தார். மூளைக்குள் குருதி கசிந்திருந்தது. குழாய் அடைபட்டாலும் இதே நோய் வரும் என்றும் எழுதினார். இன்றும் மருத்துவர்கள் முதலில் பிரிப்பது இவ்விரண்டு வகையாகத்தான். 1664இல் இங்கிலாந்தின் தோமஸ் வில்லிஸ், மூளையின் அடியில் நாடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளையமாக இருப்பதை விளக்கினார். ஆமர் வீதிச் சந்தி அடைபட்டால் நமது ஆட்கள் வேறு ஒழுங்கையால் சுற்றி வீட்டுக்கு வருவதில்லையா, அதுபோல. ஒரு நாடி முற்றாக அடைபட்டும் பாரிசவாதம் வராத ஒருவரின் உடலை வில்லிஸே கண்டிருந்தார். சுற்றுவழி உள்ளவருக்கு அடைப்பு தெரியாமலே போகலாம். இல்லாதவருக்கு அது ஒரு நொடியில் வீட்டைக் கவிழ்க்கும்.

நாடிச் சுவரில் படியும் அந்தப் பொருளுக்கு 1904இல் ஜேர்மனியரான மார்ஷன்ட் ஒரு பெயர் வைத்தார்: அத்தெரோஸ்கிளெரோசிஸ். முன்பாதி கிரேக்கத்தில் கூழை, கஞ்சியைக் குறிக்கும் சொல், பின்பாதி இறுக்கம். படிவை வெட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது மஞ்சள் நிறக் கஞ்சி போன்ற கொழுப்பு. மேலே கடினமான மூடி. அந்த மூடி வெடிக்கும்போதுதான் குருதி உறைந்து துணுக்குகள் கிளம்புகின்றன.

இது நவீன காலத்து நோய், பழங்காலத்து மனிதர்களுக்கு இல்லை என்று சொல்வோருண்டு. கெய்ரோ நூதனசாலையில் மெர்னெப்தா மன்னனின் மம்மிக்கருகே அவனுக்கு நாடித் தடிப்பு இருந்ததாக எழுதியிருந்த பலகையைப் பார்த்து, அல்அஸ்ஹர் மருத்துவப் பீடத்தின் இருதய மருத்துவர் ஆதில் அல்லாமும் அவரது அமெரிக்க நண்பர்களும் மம்மிகளை ஸ்கேன் செய்யத் தொடங்கினர். 2013இல் வெளியான முடிவின்படி, உலகின் நான்கு பகுதிகளைச் சேர்ந்த 137 மம்மிகளில் 47இல் நாடிப் படிவு இருந்தது. அப்படியானால் இது மனித உடலோடு கூடவே வந்த பலவீனம். புகையும், உப்பும், சீனியும், அசைவில்லாத வேலையும் அதைத் துரிதப்படுத்துகின்றன.

வலக் கண்ணா, இடக் கண்ணா?

20ஆம் நூற்றாண்டின் பாதி வரை பெரும்பாலான மருத்துவர்கள் பாரிசவாதத்தின் காரணத்தை மண்டைக்குள்ளேயே தேடினார்கள். கழுத்தைப் பார்க்கச் சொன்னவர் கனடாவின் மில்லர் ஃபிஷர். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரிடம் கைதியாக மூன்றரை வருடம் கழித்தவர். மொன்ட்ரியலில் அவரிடம் இடப்பக்கம் செயலிழந்த ஒரு நோயாளி வந்தார். நோய் வருமுன் வலக் கண் சிறிது நேரம் பார்வையிழந்து திரும்பியதாகச் சொன்னார். இடக் கண்ணாகத்தானே இருக்க வேண்டும் என்று ஃபிஷர் திருப்பிக் கேட்டார். இல்லை, வலக் கண்தான் என்று அவர் உறுதியாக நின்றார். ஃபிஷர் அந்தப் பேச்சைத் தள்ளிவிடவில்லை. வலக் கண்ணுக்கும், இடப்பக்க உடலை ஆளும் வலப்பக்க மூளைக்கும் குருதி தரும் பொதுவான குழாய் வலக் கழுத்து நாடி. அடைப்பு அங்கேதான் இருக்க வேண்டும் என்று அவர் கணித்தார். 1951இல் கட்டுரை வெளிவந்தது. பெரும் பாதிப்புக்கு முன் சில நிமிடங்கள் வந்து போகும் சிறு தாக்குதல்களை ஒரு முன்னறிவிப்பாக மருத்துவ உலகம் பார்க்கத் தொடங்கியது இதிலிருந்துதான்.

1954 மே மாதம், லண்டன் சென். மேரிஸ் வைத்தியசாலை. 66 வயதுப் பெண்ணொருவருக்கு சில மாதங்களுக்குள் 33 தடவை இத்தகைய சிறு தாக்குதல் வந்திருந்தது. ஈஸ்ட்கொட், பிக்கரிங், ரொப் ஆகிய மூவரும் அவருடைய உடலைக் குளிரூட்டி, கழுத்து நாடியின் நோயுற்ற பகுதியை வெட்டி நீக்கி இரு முனைகளையும் இணைத்தார்கள். தாக்குதல்கள் நின்றன. உலகெங்கும் அறுவை மருத்துவர்கள் இதைச் செய்யத் தொடங்கினர்.

கத்தியும் கணக்குக் கேட்கப்பட்டது

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. ஒரு சிகிச்சை அறிவுக்குப் பொருத்தமாகத் தெரிந்தால் போதுமா?

துருக்கியில் பிறந்த காஸி யாசர்கில் 1967இல் சூரிச்சில் நுண்ணோக்கியின் உதவியுடன் ஒரு அற்புதத்தைச் செய்தார். தலைத் தோலின் நாடியை மண்டைக்குள் கொண்டு சென்று மூளை நாடியுடன் இணைத்தார். அடைப்பைத் தாண்டிப் போக ஒரு புதுப் பாலம். யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் கனடாவின் ஹென்றி பார்னெட், பாலம் போட்டால் உண்மையிலேயே பாரிசவாதம் குறைகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார். 1377 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அறுவையும் மருந்தும், மறு பகுதிக்கு மருந்து மட்டும் கொடுத்தார்கள். 1985இல் முடிவு வந்தது: அறுவையால் பயனில்லை. யாசர்கிலின் கைத்திறனில் குறையில்லை. அந்தத் திறன் இந்த நோய்க்கு விடையாக இல்லை. பலர் கோபப்பட்டார்கள். ஆனால் எண்கள் எண்களாகவே நின்றன.

அதே பார்னெட் கழுத்து நாடி அறுவையையும் அதே தராசில் வைத்தார். 1991இல் வந்த முடிவு மாறாக இருந்தது. கழுத்து நாடி 70 வீதத்துக்கு மேல் ஒடுங்கி, ஏற்கெனவே அறிகுறி வந்த 659 பேரில், மருந்து மட்டும் பெற்றோரில் இரண்டு வருடத்துக்குள் அந்தப் பக்கத்தில் பாரிசவாதம் கண்டோர் 26 வீதம். அறுவையும் செய்தவர்களில் 9 வீதம். அதே வருடம் ஐரோப்பிய ஆய்வொன்றும் இதையே உறுதி செய்தது. ஒரே தராசு ஒன்றைத் தள்ளியது, மற்றதை ஏற்றது. மருத்துவம் நம்பத்தக்கதாவது இப்படித்தான். மருத்துவர் பெரியவர் என்பதோ, நாடு பெரியது என்பதோ அங்கே எடையில் சேர்வதில்லை.

இதே பார்னெட்டின் இன்னொரு ஆய்வைச் சொல்லும்போதுதான் என் கை நிற்கிறது. 1978இல், சிறு தாக்குதல் வந்த 585 பேரிடம் சாதாரண அஸ்பிரினைப் பரிசோதித்தார்கள். பாரிசவாதமும் மரணமும் சேர்ந்து 31 வீதம் குறைந்தன. ஆண்களில் பயன் இன்னும் அதிகம். எங்கள் மூத்தாப்பாவின் கோப்பை விழுவதற்குப் பதினொரு வருடத்துக்கு முன். கிராண்ட்பாஸில் எந்தப் பார்மசியிலும் சில சதங்களுக்கு அஸ்பிரின் கிடைத்தது. அவருக்கு அது பயன்பட்டிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது; குருதிக் கசிவில்லை என்று முதலில் பார்த்தல்லவா அதைக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு மருத்துவரிடம் போகும் வாய்ப்பு ஒன்பது நாள் திறந்திருந்தது.

அரிசிக் கடைப் பூஞ்சையும் ஆசிய நாடியும்

ஆசியர்களாகிய நமக்கு இன்னொரு சிக்கல். மேற்கில் படிவு அதிகமாகக் கழுத்தில் சேர்கிறது. ஆசிய மக்களிடையே மண்டைக்குள் இருக்கும் சிறு நாடிகளே ஒடுங்குவது கூடுதலாகக் காணப்படுகிறது. அங்கே கத்தி எட்டாது. வலைக்குழாய் வைத்து விரிக்கலாம் என்று எண்ணினார்கள். 2011இல் அமெரிக்காவில் 451 பேரிடம் நடந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. வலைக்குழாய் வைத்தோரில் முதல் 30 நாளில் பாரிசவாதமோ மரணமோ நேர்ந்தது 14.7 வீதம், கடுமையாக மருந்தும் வாழ்முறைக் கட்டுப்பாடும் பின்பற்றியோரில் 5.8 வீதம். வென்றது மாத்திரைப் பெட்டி.

அந்தப் பெட்டியில் இருக்கும் முக்கிய மாத்திரையின் பிறப்பும் கேட்கத்தக்கது. ஜப்பானியரான அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் அதிகமான நுண்ணுயிர்களைத் தேடி அலசியபின், 1973இல் கியோட்டோ தானியக் கடையொன்றின் அரிசியில் வளர்ந்த பூஞ்சையில் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் பொருளைக் கண்டார். இன்று கிளினிக்கில் இரவில் போடச் சொல்லும் ‘ஸ்டாட்டின்’ வகை மாத்திரைகள் அந்த வழியில் வந்தவை.

கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்து, கனடாவில் பணியாற்றும் பேராசிரியர் ஸலீம் யூசுஃபின் பெயரை நமது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அவரும் மார்ட்டின் ஓடொனலும் முன்னின்று நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. 22 நாடுகளில் 3000 நோயாளிகளையும் 3000 நோயற்றோரையும் ஒப்பிட்டதில், பாரிசவாத அபாயத்தின் ஏறத்தாழ 90 வீதத்தைப் பத்துக் காரணிகளால் விளக்க முடிந்தது. முதலிடம் உயர் குருதி அமுக்கத்துக்கு. புகைத்தல், வயிற்றுப் பருமன், உணவு, உடலசைவின்மை, நீரிழிவு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. "நஸீபு" என்று நாம் கைவிடும் பெரும்பங்கு உண்மையில் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஈரானின் கொலெஸ்தான் மாகாணக் கிராமங்களில் 50 முதல் 75 வயது வரையான 6838 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அஸ்பிரின், கொலஸ்ட்ரோல் மருந்து, இரண்டு அமுக்க மருந்துகள் ஆகியவற்றை ஒரே மாத்திரையில் சேர்த்துக் கொடுத்ததில், இருதய, மூளை நாடி நோய்களின் பெரும் நிகழ்வுகள் 34 வீதம் குறைந்தன.

கொழும்பின் பங்கு

இனி நமது ஊர். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் பேராசிரியர் தாஷி சாங்கும் குழுவினரும் கொழும்பு நகர்ப்புறத்தில் 2313 வயதுவந்தோரிடம் நடத்திய ஆய்வை 2015இல் வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு 10.4 பேருக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. அதாவது 24 பேர். அவர்களில் 15 பேருக்கு உயர் குருதி அமுக்கம், 8 பேருக்கு நீரிழிவு. 7 பேருக்குச் சிறு தாக்குதல் முன்பே வந்து போயிருந்தது. எங்கள் வீட்டுக் கதை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை என்பதை அந்த ஏழு பேர் சொல்கிறார்கள்.

இலங்கை நோயாளிகளைக் கணக்கிட்டதோடு நின்றுவிடவில்லை. 2016, 2017ஆம் ஆண்டுகளில் நாட்டின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேர் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அசித்த டி சில்வா இதில் முக்கிய பங்காளி. மூன்று அமுக்க மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்தவர்களில் ஆறு மாதத்தில் 70 வீதத்தினரின் அமுக்கம் இலக்குக்குள் வந்தது. வழமையான சிகிச்சையில் 55 வீதம். 2018இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான இந்த முடிவை உலகமே படித்தது. 2020இல் பேராசிரியர் தஸீன் ஜாஃபர் தலைமையில் வந்த இன்னோர் ஆய்வில், இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் சுகாதார ஊழியர் வீடு வீடாகப் போய் அமுக்கம் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். அந்தக் கிராமங்களில் மேல் அமுக்கம் மற்றக் கிராமங்களை விட சராசரியாக 5.2 புள்ளி அதிகமாகக் குறைந்தது. வாசலில் வந்து நின்று பேசும் ஒருவர் மாத்திரை அளவுக்கு முக்கியம் என்பதே அதன் பொருள்.

மருந்து கைக்கெட்டும் விலையில் கிடைப்பதற்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே. விளம்பரப் பெயரைத் தவிர்த்து மருந்தின் பொதுப்பெயரில் கொள்வனவு செய்யும் வழியை அவர் வகுத்தார். ‘ஒசுசல’ கடைகளும் அரச கிளினிக்குகளின் இலவச மாத்திரைகளும் அந்த எண்ணத்தின் பயன்கள்.

வாசல் வரை வந்த அறிவு

இவ்வளவும் வந்து சேர்ந்த பிறகும் இடைவெளி எங்கே இருக்கிறது? நம் வீட்டுக்குள். "பிரஷர் இப்ப நோமல், அதனால குளிசைய நிப்பாட்டிட்டன்" என்று சொல்லாத ஒழுங்கை கிராண்ட்பாஸில் இல்லை. குளிசை போடுவதால்தான் அமுக்கம் சரியாக இருக்கிறது என்பதைச் சொல்ல ஆளில்லை. நோன்பு காலத்தில் பகல் மாத்திரையை வைத்தியரிடம் கேட்டு ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ளலாம். பலர் கேட்பதில்லை, ஒரு மாதம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மறுபக்கம், நோயே இல்லாதவர் யாரோ சொன்னதற்காகத் தினமும் அஸ்பிரின் விழுங்குவதும் நடக்கிறது. அது குருதிக் கசிவை உண்டாக்கலாம்; அந்த முடிவை வைத்தியர்தான் எடுக்க வேண்டும்.

ஒக்ஸ்போர்டில் 2007இல் வெளியான ஆய்வொன்று, சிறு தாக்குதல் வந்தவருக்கு நாள் கடத்தாமல் அன்றே சிகிச்சை தொடங்கியபோது, 90 நாளுக்குள் மீண்டும் பாரிசவாதம் வருவது 10.3 வீதத்திலிருந்து 2.1 வீதமாகக் குறைந்ததைக் காட்டியது. புது மருந்து எதுவும் அதில் இல்லை. இருந்த மருந்தைச் சுணங்காமல் கொடுத்தார்கள்.

ஆகவே முகம் ஒரு பக்கம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், ஒரு கண் திடீரென இருண்டால், அது பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சரியாகாவிட்டால் ஒரு நிமிடமும் காத்திராமல் 1990 சுவசரியவை அழைக்க வேண்டும். உறைந்த குருதியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். ஓதுவதை யாரும் தடுக்கவில்லை. அம்புலன்சில் இருந்துகொண்டும் ஓதலாம். மருந்து தேடுவதும் நமது மார்க்கம் காட்டிய வழிதான்.

நமது பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குப் பிறகு மாதமொரு முறை அமுக்கம் பார்க்க ஒரு மேசை போட அதிக செலவில்லை. ஒரு கருவி, பயிற்சி பெற்ற ஒரு பிள்ளை, ஒரு கொப்பி. பெண்களுக்கு மத்ரஸாவில் தனியாக ஒரு மேசை. மூன்று ஊர்க் கிராமங்களில் வேலை செய்தது நமது ஒழுங்கையிலும் வேலை செய்யும்.

மூத்தாப்பாவின் கோப்பையை உம்மம்மா ஒட்டி வைத்திருந்தார். கடைசி வரை அதில் யாரும் தேநீர் குடிக்கவில்லை. அந்தக் கோப்பை விழுந்த காலையில் எங்களிடம் இல்லாதது காசுமல்ல, பாசமுமல்ல, ஒரேயொரு செய்தி. அது இப்போது நம் கையில் இருக்கிறது. அடுத்த வீட்டுக்குச் சொல்வதுதான் பாக்கி.